லேபரும் சம்பளமும்: பைக் மெக்கானிக் கடைக்கு எந்தக் கணக்கு ஒத்துவரும்?

பெரம்பூரில் இரண்டு மெக்கானிக்குகளை வைத்துக் கடை நடத்துபவர் கேட்கிறார்: "மாதச் சம்பளம் கொடுக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை நகர்வதே இல்லை. ஒரு வேலைக்கு இவ்வளவு என்று பேசிவிடலாமா?" வேளச்சேரியிலிருந்து இன்னொருவரின் புகார் இதற்கு நேர் எதிர். வேலைக்கு இவ்வளவு என்று பேசிய நாளிலிருந்து வண்டிகள் வேகமாக வெளியே போகின்றன. அதே வேகத்தில் திரும்பியும் வருகின்றன என்கிறார்.

இருவருமே இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் லேபரை, அதாவது வேலைக்கான கூலியை, எப்படி வாங்குவது என்பது ஒன்று. மெக்கானிக்குக்கு எப்படிக் கொடுப்பது என்பது மற்றொன்று. முதலாவதை வேலைவாரியாக நிர்ணயித்துவிட்டு, இரண்டாவதை வேறு விதமாக வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. சென்னையில் இரண்டு முதல் ஐந்து பேர் வேலை செய்யும் கடைகளுக்கு அப்படிப் பிரித்து வைப்பதே நல்லது என்பது என் கட்சி. ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது?

நான்கு விஷயங்கள் முக்கியம். வண்டி வராத நாளின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? கோளாறைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்துக்குக் கூலி உண்டா? திரும்பி வரும் வண்டியை யார் கணக்கில் பார்ப்பது? புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மூத்தவர் தொழிலைச் சொல்லிக்கொடுத்தால் மூத்தவருக்கு நஷ்டமா, லாபமா?

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். கடைக்காரரால் எவ்வளவு கணக்கு எழுத முடியும் என்பதே அது. ஜாப் கார்டு (எந்த வண்டிக்கு யார் என்ன வேலை செய்தார் என்ற சீட்டு) எழுதாத கடையில் கீழே சொல்லப்போகும் முறைகளில் பாதி ஒரு வாரத்தில் சண்டையில் முடியும்.

## வாடிக்கையாளரிடம் வாங்கும் லேபர்

"முடித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது பழைய முறை. பத்து வருட வாடிக்கையாளரிடம் அது செல்லும். புதிதாக வருபவர் பில்லைப் பார்த்ததும் பேரம் பேசுவார். நூறு ரூபாய் குறையும். அந்த நூறு ரூபாய் எப்போதும் லேபரிலிருந்துதான் குறையும், சாமானிலிருந்து குறையாது. மணிக்கணக்கில் வாங்குவது இன்னும் மோசம். கை மெதுவாக இருக்கும் மெக்கானிக்கிடம் மாட்டிய வாடிக்கையாளர் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகவே வேலைவாரியான விலைப்பட்டியல்தான் சரி. கிளட்ச் பிளேட் மாற்ற இவ்வளவு, கோன்செட் மாற்ற இவ்வளவு, ஃபோர்க் ஆயில் சீலுக்கு இவ்வளவு என்று சுவரில் எழுதி மாட்டிவிடுங்கள். வாகன நிறுவனங்கள் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் நிலையான நேரத்தை வகுத்துக் கொடுக்கின்றன. வாரண்டி வேலைக்கான லேபரை அந்த நேரத்தை வைத்தே திருப்பித் தருகின்றன. அந்த நேரங்களை அப்படியே எடுத்துத் தெருமுனைக் கடையில் ஒட்டக்கூடாது. அவை சுத்தமான வண்டி, அதற்கென்றே உள்ள கருவிகள், கைக்கெட்டும் தூரத்தில் சாமான் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கடற்காற்றில் பத்து வருடம் நின்ற வண்டியின் சைலன்சர் ஸ்டட் ஸ்பேனர் வைத்ததும் உடையும். அதைத் துளைபோட்டு எடுக்கும் நேரம் எந்த அட்டவணையிலும் இல்லை.

வண்டி வகைக்கு ஏற்பவும் விலையைப் பிரிக்க வேண்டும். பின் பிரேக் ஷூ மாற்றுவது ஒரே பெயருள்ள வேலைதான். சாதாரண நூறு சிசி பைக்கில் ஆக்ஸிலைக் கழற்றினால் சக்கரம் கைக்கு வரும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் முதலில் சைலன்சர் இறங்க வேண்டும். புல்லட் என்றால் இன்னும் குழப்பம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்வது சர்வீஸின் ஒரு பகுதி. பின்னால் வந்த யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) எஞ்சினில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் அந்த வேலையே கிடையாது. "புல்லட் சர்வீஸ்" என்று ஒரே வரியில் ஒரே விலை எழுதிய கடையில் ஒருவரிடம் கூடுதலாக வாங்குகிறார்கள், அல்லது இன்னொருவருக்குக் கைநஷ்டத்தில் வேலை செய்கிறார்கள்.

ஒரு மணி நேர லேபர் எவ்வளவு என்பதைப் பக்கத்துக் கடையைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ஓர் உதாரணக் கணக்கு. மூன்று மெக்கானிக்குகள், ஆளுக்கு 22,000 ரூபாய் என்றால் 66,000. வாடகை 25,000, மின்சாரமும் தண்ணீரும் 6,000, கையாள் ஒருவருக்கு 14,000, கருவித் தேய்மானம் 4,000, சில்லறைச் செலவு 6,000. கடைக்காரர் தனக்கென்று எடுத்துக்கொள்வது 35,000. இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை. அதனால்தான் கடை ஓடுகிறது, கையில் மட்டும் காசு நிற்பதில்லை. மொத்தம் 1,56,000.

ஒரு மெக்கானிக் மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என 208 மணி நேரம் கடையில் இருக்கிறார். அதில் பில்லில் ஏறும் நேரம் 125 மணி என்று வைத்துக்கொள்வோம். மீதி நேரம் சாமானுக்காகக் காத்திருப்பதிலும், வாடிக்கையாளரோடு பேசுவதிலும், வண்டி வராத செவ்வாய்க்கிழமை மதியத்திலும் போய்விடும். மூன்று பேருக்கு 375 மணி. 1,56,000 ரூபாயை 375 ஆல் வகுத்தால் மணிக்கு 416 ரூபாய். 420 என்று வையுங்கள். கிளட்ச் பிளேட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் லேபர் 525 ரூபாய். உங்கள் தொகைகள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் வழி இதுதான்.

ஜிஎஸ்டி பதிவுள்ள கடை என்றால் பழுதுபார்க்கும் சேவைக்கு 18 சதவீதம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களும் 28இலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. இரண்டுக்கும் ஒரே விகிதம் என்பதால் சாமானையும் லேபரையும் ஒரே வரியில் கலந்து எழுதும் ஆசை வரும். வேண்டாம். லேபர் தனி வரியாக இல்லாவிட்டால் கீழே வரும் எந்தச் சம்பள முறையையும் நடத்த முடியாது.

## முதல் வழி: மாதச் சம்பளம் அல்லது வாரக்கூலி

வண்டி வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் உண்டு. மெக்கானிக்குக்கு நிம்மதி. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அடைமழையைக் கேட்டு வருவதில்லை. கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறை அவர் பொறுமையாகப் பார்ப்பார், பையனுக்கும் சொல்லிக்கொடுப்பார்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. கை வேகமுள்ளவருக்கும் மெதுவானவருக்கும் ஒரே சம்பளம் என்றால் வேகமுள்ளவர் ஆறு மாதத்தில் மெதுவாகிவிடுவார், அல்லது இரண்டு தெரு தள்ளிச் சொந்தக் கடை போட்டுவிடுவார். அவரோடு வாடிக்கையாளர்களில் பாதிப் பேரும் போவார்கள். இரண்டாவது, சம்பளம் குறைவாக இருக்கும் கடையில் மெக்கானிக் தன் கூடுதல் வருமானத்தை ஸ்பேர்ஸ் கடைக் கமிஷனில் தேடுவார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ போய்வருபவருக்கு அங்குள்ள ஸ்பேர்ஸ் கடைக்காரர் ஒதுக்கும் தொகை உங்கள் வாடிக்கையாளரின் பில்லிலிருந்துதான் வருகிறது. இன்னும் ஆறு மாதம் ஓடக்கூடிய செயின் ஸ்ப்ராக்கெட்டும் அப்படித்தான் மாற்றப்படுகிறது. இதற்கு மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை.

ஒரே ஒரு மெக்கானிக் இருந்து, கடைக்காரரும் கூடவே ஸ்பேனர் பிடிக்கும் கடைக்கு இந்த முறையே போதும்.

## இரண்டாம் வழி: முழு ஃப்ளாட் ரேட்

அமெரிக்க வாகனப் பட்டறைகளில் பரவலாக உள்ள முறை இது. ஒரு வேலைக்கு நேர அட்டவணைப் புத்தகத்தில் இரண்டு மணி நேரம் என்றிருந்தால் மெக்கானிக்குக்கு இரண்டு மணி நேரக் கூலி. ஒன்றரை மணியில் முடித்தாலும் அதே தொகை. நாலு மணி நேரம் இழுத்தாலும் அதே தொகை. வேலை இல்லாத நேரத்துக்கு அந்தக் கணக்கில் எதுவும் ஏறாது. மேலே பார்த்த கடையில் மணிக்கு 175 ரூபாய் என்று வைத்தால் 125 மணிக்கு 21,875 ரூபாய். ஏறக்குறைய பழைய சம்பளமே வந்துவிடும்.

கை வேகமான ஆளுக்கு இது பொன்னான முறை. தினமும் அதே மாடல், அதே வேலை என்று வரும் கடைக்கும் பொருந்தும். உதாரணத்துக்கு, டெலிவரி ஓட்டுநர்களின் வண்டிகளுக்கு ஆயில், பிரேக், செயின் மட்டும் பார்க்கும் கடை. அங்கே நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம், தகராறு வராது. கடைக்காரர் பேரத்தில் வாடிக்கையாளருக்கு நூறு ரூபாய் குறைத்தாலும் மெக்கானிக்கின் மணிக்கணக்கு குறையாது என்பதும் இதில் நல்ல அம்சம். தள்ளுபடி கொடுத்தவர் கையிலிருந்தே அது போகிறது.

சிக்கல் எல்லாம் அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புதிய வண்டிகளில் கார்பரேட்டர் அநேகமாகப் போய்விட்டது. ஃப்யூயல் இன்ஜெக்ஷன், சென்சார், எச்சரிக்கை விளக்கு என்று ஆகிவிட்டது. "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று தள்ளிக்கொண்டு வந்த வண்டியில் பம்ப், ரிலே, வயரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கடைசியில் சைடு ஸ்டாண்டு ஸ்விட்சில் ஒரு வயர் அறுந்திருப்பது தெரியும். கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம், ஒட்டவைக்கப் பத்து நிமிடம். ஃப்ளாட் ரேட் பட்டியலில் அந்தப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. இரண்டு முறை இப்படி அடிபட்ட மெக்கானிக் மூன்றாம் முறை கண்டுபிடிக்க உட்கார மாட்டார். சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிப் பார்ப்பார். அவர் நேரம் மிச்சம், வாடிக்கையாளருக்குச் செலவு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு வந்த வண்டிகளை நினைத்துப் பாருங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர், ஆயில் பால்போல வெளுத்திருக்கும். வடித்து, புது ஆயில் ஊற்றி ஓட்டி, மறுபடி வடித்து, பெட்ரோல் டேங்கைக் கழுவி, கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். ஒரு வண்டி அரை நாளில் முடியும், பக்கத்து வண்டிக்கு மூன்று நாள் ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும் ஊரில், நீரில் நின்ற வண்டிக்கு நிலையான விலை எழுதுவது சூதாட்டம்.

இன்னொன்று, வேலையைப் பங்கிடும் அதிகாரம். லாபமான சுலப வேலைகள் யாருக்கு, துருப்பிடித்த பழைய வண்டி யாருக்கு என்று தீர்மானிப்பவர்தான் ஃப்ளாட் ரேட் கடையில் உண்மையான முதலாளி. கடைக்காரர் வெளியே போகும் நேரத்தில் மூத்த மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டால் இளையவர்கள் மூன்றே மாதத்தில் வேறு கடை தேடுவார்கள்.

சட்டத்தையும் கவனியுங்கள். வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், நேர அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்பது 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே இருந்த விதி. இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. "வண்டி வரவில்லை, எனவே கூலி இல்லை" என்பது இங்கே செல்லாது. அமெரிக்காவிலும் இந்தப் பிரச்சினை நீதிமன்றம் போனது. கார் டெக்னீஷியன்கள் தொடர்ந்த வழக்கில், வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குத் தனியே குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஃப்ளாட் ரேட் என்பது காத்திருக்கும் நேரத்தை இலவசமாக வாங்கும் வழி என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

## மூன்றாம் வழி: லேபரில் பங்கு

மெக்கானிக்குக்கு நாற்பது, கடைக்கு அறுபது; சில கடைகளில் பாதிக்குப் பாதி. மணிக்கணக்கு வேண்டாம், மாலையில் லேபர் எவ்வளவு வந்தது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். எளிமை இதன் பலம். ஃப்ளாட் ரேட்டின் குறைகள் அனைத்தும் இதிலும் உண்டு. கூடுதலாக, கடைக்காரர் தன் நண்பருக்குச் செய்யும் தள்ளுபடியில் மெக்கானிக்கின் கூலியும் குறைகிறது. அதற்குப் பதிலாக மெக்கானிக் வாடிக்கையாளரை "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்" என்று தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். பணம் நேராக அவருடைய போனுக்குப் போய்விடும் இந்தக் காலத்தில் இதைப் பிடிக்கவே முடியாது.

இடமும் வாடிக்கையாளரும் உங்களுடையது, கைத்திறனும் கருவியும் அவருடையது என்னும் நிலையில், ஏறக்குறைய கூட்டாளிபோல இருக்கும் அனுபவசாலியோடு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருட அனுபவமுள்ள பையனோடு வேண்டாம்.

## நான்காம் வழி: உறுதிச் சம்பளமும் மேல்பங்கும்

ஒரு குறிப்பிட்ட தொகை எப்படியும் உண்டு. பில்லில் ஏறிய மணி நேரம் ஓர் எல்லையைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் தனித் தொகை. நம் உதாரணக் கடையில் உறுதிச் சம்பளம் 18,000. நூறு மணிக்கு மேல் மணிக்கு 150 ரூபாய். மந்தமான மாதம், சாதாரண மாதம், நெரிசலான மாதம் ஆகியவற்றில் ஒரு மெக்கானிக்கின் கைக்கு வருவது இதுதான்:

| முறை | 80 மணி | 125 மணி | 170 மணி |
|---|---|---|---|
| மாதச் சம்பளம் | 22,000 | 22,000 | 22,000 |
| ஃப்ளாட் ரேட் (மணிக்கு 175) | 14,000 | 21,875 | 29,750 |
| லேபரில் 40 சதவீதம் | 13,440 | 21,000 | 28,560 |
| உறுதி + மேல்பங்கு | 18,000 | 21,750 | 28,500 |

நடு நெடுவரிசையில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. பேச்சுவார்த்தை எல்லாம் அந்த நெடுவரிசையை வைத்தே நடக்கிறது. சண்டை வருவது முதல் நெடுவரிசையில். எண்பது மணி மாதத்தில் லேபர் வருமானமே ஆளுக்கு 33,600 ரூபாய்தான். மெக்கானிக் சம்பளம் போக மற்றச் செலவுகளின் பங்கு ஆளுக்கு 30,000. எந்த முறையிலும் அந்த மாதம் நஷ்டமே. மாதச் சம்பளக் கடையில் அந்த நஷ்டம் முழுவதும் கடைக்காரருக்கு. ஃப்ளாட் ரேட்டில் 8,000 ரூபாய் மெக்கானிக்கின் வீட்டுக்கு மாறுகிறது. நான்காம் வழியில் அந்த 8,000 சரிபாதியாகப் பிரிகிறது. மந்தமான மாதத்துக்கு மெக்கானிக் காரணமில்லை, நெரிசலான மாதத்தில் உழைப்பவர் அவர்தான் என்பதால் இந்தப் பிரிப்பு எனக்கு நியாயமாகப் படுகிறது.

இதற்கும் விலை உண்டு. தினமும் ஜாப் கார்டு எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து கூட்ட வேண்டும். எல்லையை எட்ட வாய்ப்பில்லை என்று இருபதாம் தேதியே தெரிந்துவிட்டால் மீதி நாட்களில் வேகம் குறையும். அதற்காக எல்லையை மாதத்துக்குப் பதில் வாரத்துக்கு வைக்கும் கடைகள் உண்டு. அப்போது மந்தமான வாரமும் நெரிசலான வாரமும் ஒன்றையொன்று ஈடுசெய்யாது. கடைக்குக் கூடுதல் செலவாகும். நான் மாதக் கணக்கையே விரும்புவேன்.

மூன்று விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். கண்டுபிடிக்கும் நேரம் அரை மணியைத் தாண்டினால் வாடிக்கையாளரிடம் சொல்லித் தனி லேபர் வாங்க வேண்டும். அந்த மணியும் மெக்கானிக் கணக்கில் ஏற வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி, விபத்து வண்டி, முழு எஞ்சின் வேலை ஆகிய மூன்றும் பட்டியலுக்கு வெளியே; எடுத்துக்கொண்ட உண்மையான நேரத்துக்கே கணக்கு. பையனுக்குக் கற்றுக்கொடுத்து அவன் முடிக்கும் வேலையில் பாதி மணி மூத்தவருக்குச் சேர வேண்டும். கடைசி விதி இல்லாத கடையில் பையன் மூன்று வருடமும் வாட்டர் வாஷ் மட்டுமே செய்துகொண்டிருப்பான்.

திரும்பி வரும் வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் காரணத்தைப் பிரியுங்கள். சாமான் பழுது என்றால் அது கடையின் கணக்கு. மறுவேலைக்கு மெக்கானிக்குக்கு மணி உண்டு. கைத்தவறு என்றால் அவரே சரிசெய்வார், அந்த மணி மேல்பங்கில் சேராது. சம்பளத்திலிருந்து அபராதம் பிடிக்காதீர்கள். பிடித்தங்களுக்குச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. அதோடு, அபராதம் பிடிக்கும் கடையில் யாரும் தவறை ஒப்புக்கொள்வதில்லை, "சாமான் சரியில்லை" என்ற ஒரே பதில்தான் வரும்.

## எந்தக் கடைக்கு எது

கடைக்காரரும் ஒரு மெக்கானிக்கும் மட்டும் என்றால் மாதச் சம்பளம். தீபாவளிக்கு நல்ல போனஸ் கொடுத்துவிடுங்கள். ஒரே வகை வண்டி, ஒரே வகை வேலை, வருடம் முழுவதும் வரிசை என்றால் ஃப்ளாட் ரேட்டை யோசிக்கலாம், குறைந்தபட்சக் கூலியை அடித்தளமாக வைத்து. அனுபவசாலி ஒருவரோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்றால் பங்கு. கலவையான வண்டிகள் வரும் மூன்று, நான்கு பேர் கடைக்கு உறுதிச் சம்பளமும் மேல்பங்கும்.

பத்துப் பேரை எட்டும் கடைக்கு இது வேறு கணக்கு. இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடு வந்துவிடும்: மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்குக் கடைக்காரர் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். மணி நேர லேபரைப் போடும்போதே அந்தச் செலவையும் சேர்த்துவிடுங்கள். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற எல்லைக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்பது சின்னக் கடைக்கும் உண்டு. மேல்பங்கு கொடுக்கிறோம் என்பதால் அது ரத்தாகிவிடாது.

மாறுவதாக இருந்தால் ஒரேயடியாக மாறாதீர்கள். இரண்டு மாதம் பழைய சம்பளத்தையே கொடுத்துக்கொண்டு, புதிய முறையில் எவ்வளவு வந்திருக்கும் என்பதையும் நோட்டில் எழுதி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பட்டியலில் எந்த வேலைக்கு நேரம் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள் என்பதை அவரே சொல்வார். அநேகமாக ஸ்கூட்டர் வேலைகளாகத்தான் இருக்கும். அவர் ஏற்கெனவே வாங்கியிருக்கும் அட்வான்ஸை இந்தக் கணக்கில் கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதி, மாதம் எவ்வளவு கழிப்பது என்பதைப் புதிய முறை தொடங்குவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.